கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

"ஷூவையாவது கழட்டுடி!" என்று கத்தினாள் அவள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், நீச்சல் குளத்தின் விளிம்பில், கத்தியவளின் ஒன்றரை வயதுப் பெண்ணை ஒல்லி டீச்சர் கவுன், சாக்ஸ், ஷூ சகிதம் நிறுத்தியிருந்தாள்.

இன்றைக்கு உடுப்புப் பரீட்சை. குழந்தை நீச்சலுடை போட்டுக்கொண்டு தவறி விழப்போவதில்லை. போட்டிருக்கிற துணியோடுதான் விழும். விழுந்தால், யாராவது வந்து தூக்கும்வரை தானாகப் புரண்டு மல்லாந்து மிதக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் பெற்ற வயிறு நியாயம் கேட்குமா?

ஒல்லி டீச்சர் கண்ணாடிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள், பாப்பாவைத் தள்ளிவிட்டாள்.

"அடிப்பாவி!"

அவள் இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். அழகாகப் புரண்டு மல்லாந்த பாப்பா, சத்தம் கேட்டதும் அம்மாவைத் தேடித் தலையைத் தூக்கியது. தலையைத் தூக்கினால் கால் இறங்கும், கால் இறங்கினால் ஆளே இறங்கிவிடும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு டீச்சர் தோளில் வீறிட்டது.

பக்கத்து பெஞ்சில், டை கட்டிய ஒருவர் தன் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இங்கே முதல் நாள்.

"இப்படித்தான் தள்ளுவாங்களாம்மா?"

"பாத்தீங்கல்ல? மனுஷியா இவ?"

"அங்க என்னமோ எழுதிப் போட்டிருக்காங்களே..."

சுவரில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'பெற்றவர்கள் கூச்சல் போட்டால் குழந்தை மூழ்கும். வாயை மூடிக்கொண்டு உட்காரவும்.'

"எந்த நெஞ்சுல ஈரமில்லாதவ எழுதினது இத?" என்று சீறினாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து துடைத்தாள்.

பார்த்தால்தானே வம்பு என்று அவள் திரும்பி உட்கார்ந்தாள். "நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க" என்றாள் டைக்காரரிடம்.

"தண்ணிகிட்ட கொண்டுபோறாங்க... தள்ளிட்டாங்க... ஐயோ, முகம் உள்ள போயிடுச்சு!"

அவ்வளவுதான். மோட்டார் அறை வழியாகப் புகுந்து குளத்தங்கரைக்கே ஓடிவிட்டாள். பையனைத் தூக்கிக்கொண்டு டைக்காரரும் பின்னாலேயே ஓடினார். மிதந்துகொண்டிருந்த பாப்பா அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. மறுபடியும் தலை, மறுபடியும் கால், மறுபடியும் ஒரு மடக்கு. டைக்காரரின் பையன் துணைக்கு அலறினான். குளமே அதிர்ந்தது.

"குடுடி என் புள்ளைய! இன்னிக்கே உன் வேலைக்கு வேட்டு வெக்கிறேன்!"

ஒல்லி டீச்சர் ஓரடி பின்வாங்கினாள். ஆனால் பாப்பாவைக் கொடுக்கவில்லை.

"வெச்சுக்குங்க. இவ மிதக்காம நான் தரமாட்டேன். நாளைக்கு எங்கயாவது தண்ணில விழுந்தா, அப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா? வெளிய போங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

டீச்சர் மறுபடியும் தள்ளினாள்.

பாப்பா உள்ளே போனது, வெளியே வந்தது, புரண்டது. சத்தம் இல்லை, அம்மா இல்லை. கவுன் விரிய, ஷூ இரண்டும் மேலே தெரிய, கூரை விளக்கைப் பார்த்தபடி கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு அழுகை பொங்கியது. அழுகிறோமே என்று அதற்கும் கோபம் வந்தது.

பின்னாலேயே திரும்பி வந்த டைக்காரருக்கு மட்டும் ஆறவில்லை.

"இத சும்மா விடக்கூடாதும்மா. பச்சப் புள்ளைய தண்ணில தள்றது, பெத்தவங்கள கண்ணாடிக்குப் பின்னால அடைக்கிறது, வாய மூடுன்னு எழுதிப் போடறது! இதையெல்லாம் கண்டுபிடிச்ச பெரிய டீச்சர்னு ஒருத்தி இருப்பால்ல? வாங்க, ரெண்டு பேருமா போயி நறுக்குன்னு நாலு கேள்வி கேப்போம்!"

அவள் மூக்கைச் சிந்தினாள், நிமிரவேயில்லை.

தரை துடைக்கிற அக்கா வாளியை நகர்த்தி வைத்தாள்.

"எங்கயும் போகவேணாம் சார், இங்கயே கேளுங்க. சொந்தப் புள்ளைங்கிறதால இன்னிக்கு ஒருநாள் இந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க, எங்க பெரிய டீச்சர்."