இரண்டாம் வரியின் மைனஸ்

மனித அறிவு தொட்ட உச்சம் எது என்று கேட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் துறையைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டலாம். கண்ணைத் திறந்தால் கரும்பலகை தெரிந்துவிடும்.

பேராசிரியர் அதில் அணு அளவுச் சுருள்வில் ஒன்றின் ஆற்றலைக் கணக்கிடுவார். இரண்டாம் வரியில் ஒரு மைனஸ் எங்கிருந்தோ வந்து உட்காரும். கடைசி வரியில், "ஆற்றல் மைனஸா இருக்க முடியாது இல்லையா?" என்று ஆள்காட்டி விரலால் அதைத் துடைப்பார். மாணவர்கள் இரண்டையும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாம் ஆண்டில் 'டவுட்டு' என்று ஒருத்தி இருந்தாள். தேர்வில் அவள் மைனஸைப் போடவுமில்லை, துடைக்கவுமில்லை. சரியான விடை வந்தது. பூச்சியம் கிடைத்தது. காரணம்: 'இரு படிகள் விடுபட்டுள்ளன.' அந்தத் தாள் போனால் மேற்படிப்பும் போய்விடும்.

"எல்லாரும் போடுற மாதிரி ஒரு கோடு போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா.

"அது தப்பும்மா."

"சின்னக் கோடுதானேடி!"

மேல்முறையீட்டை விசாரிக்க மூவர் குழு கூடியது. துறைத்தலைவர் நடுவில், பேராசிரியர் பக்கத்தில், மூன்றாமவர் தூக்கத்தில்.

"சார், ரெண்டாவது வரியில மைனஸ் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் டவுட்டு.

"வரலம்மா. எப்பவுமே இருக்கு," என்றார் பேராசிரியர்.

"கடைசியில எப்படிப் போச்சு?"

"வந்த வேலை முடிஞ்சுது. போயிடுச்சு."

"இப்பதானே வரலைன்னீங்க?"

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "இது தப்பு இல்லம்மா. துறையோட மரபு. நானும் இப்படித்தான் படிச்சேன். இப்ப தலைவரா இருக்கேன். மரபுப்படி பலகையில போட்டுக் காட்டு, முழு மார்க்."

டவுட்டுக்குக் கை கூசியது. ஆனாலும் சாக்பீஸை எடுத்தாள். இரண்டாம் வரியில் மைனஸ் போட்டாள். மிச்சத்தை ஒழுங்காகப் போட்டாள். கடைசி வரியில் மைனஸ் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"விடை தப்பா இருக்கேம்மா!" என்று பதறினார் துறைத்தலைவர்.

"கணக்கு அங்கதான் சார் போகுது. இதுக்கு மேல துடைக்கணும்னா எந்த விதிப்படின்னு சொல்லுங்க, துடைக்கிறேன்."

பழக்கதோஷத்தில் பேராசிரியரின் விரல் எழுந்தது. பாதியில் நின்றது. மூன்றாமவர் விழித்துக்கொண்டு, "யாராவது துடைங்கப்பா, வீட்டுக்குப் போகணும்," என்றார்.

துறைத்தலைவரே எழுந்துபோய், தம் கைக்குட்டையால் துடைத்தார்.

டவுட்டுக்கு முழு மதிப்பெண். மறுநாள் குழுவின் தீர்மானம் அறிவிப்புப் பலகையில் ஏறியது:

'மாணவி தன் பிழையைத் திருத்திக்கொண்டார். பிற மாணவர்களின் நலன் கருதி, சரியான விடைக்கு நேர்வழியில் வந்து சேர்வது இன்றுமுதல் தடைசெய்யப்படுகிறது.'