அத்தானுக்கு நான் கண்டுபிடித்த தசை வருத்தம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கிற ஆளே அந்தக் குடும்பத்தின் வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் வானிலை அறிவிப்பாளராகவும் நியமனம் பெறுகிறார். விண்ணப்பிக்கத் தேவையில்லை. நான் விண்ணப்பமும் செய்திருந்தேன்.

அப்போது நாங்கள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து பள்ளிமுனைக்குத் திரும்பித் தகரக் கூரை வீடொன்றில் இருந்தோம். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தேன். கடலுக்குப் போகும் அப்பா, வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைத்தான் முதலில் காட்டுவார்.

ரியூசன் வாத்தியார் கிரேக்க முன்னொட்டுகளைச் சொல்லித் தந்திருந்தார். 'மயோ' என்றால் தசை. மயோசின் தசைப் புரதம், மயோகுளோபின் தசையில் ஒட்சிசனைச் சேமிப்பது, மயோகார்டியம் இதயத் தசை. சொல்லின் தலையைப் பிடித்தால் நோயையே பிடித்துவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். (வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குப் பாவம் சேர வேண்டாம்.)

அந்த நேரத்தில்தான் அக்காவைப் பார்க்க நறுவிலிக்குளத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். போரும் முகாமும் அக்காவின் படிப்பைத் தின்றுவிட்டன. பேசிய சம்பந்தங்களும் முறிந்திருந்தன. இவரை அவளுக்குப் பிடித்திருந்தது. கதவிடுக்கால் பார்த்துவிட்டு மறுபடியும் பவுடர் போட்டதில் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒளிவுமறைவில்லாத மனிதர்.

"தம்பியிட்ட ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. மீன் ஏத்துற கூலர் லொறி ஓடக் கேட்டவர், மயோப்பியா எண்டு டொக்டர் விடேல்லை. அவ்வளவுதான்."

அதன் பொருள் அவருக்கே தெரியாது. அப்பா கம்பீரமாக என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அதென்ன?"

எனக்கும் தெரியாது. தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரியும் குறும்பார்வை பற்றி வில்லைப் படத்தோடு முழுப் பக்கம் எழுதக்கூடியவள் நான்; அதற்கு இங்கிலிசில் இப்படியொரு பெயர் இருப்பதை யாரும் எனக்கு அறிவித்திருக்கவில்லை. தெரியாது என்பது படித்தவர்களுக்கு அழகில்லையே.

"தசை வருத்தம்," என்று நோய்க்குப் பெயர் வைத்தேன். "போகப் போகக் கை கால் சொல்வழி கேளாது."

ஆதாரம் உடனே கிடைத்தது. மாப்பிள்ளை தேநீருக்குக் கை நீட்டினார். கை பக்கத்திலிருந்த ரோல்ஸ் தட்டுக்குள் போனது. வரும்போது அவர் வாசலில் தடுக்கியதையும், என் அம்மாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்ததையும் சபைக்கு நினைவூட்டினேன். மூளைவரை ஏறியிருக்கலாம் என்றும் சொன்னேன்.

எங்கள் கத்தோலிக்கக் கலியாணங்களுக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. இதயமும் தசைதான் என்று சேர்த்து அறிவித்தேன். அம்மா மடு மாதாவைக் கூப்பிட்டார். தாய்மாமன் தன் கதிரையை மருமகனிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா எழுந்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம்.

கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாத அக்கா வந்து அவர் முன்னால் நின்றாள்.

"வருத்தம் உங்களுக்குத்தானே. நீங்களே சொல்லுங்கோவன், என்ன செய்யுது?"

மாப்பிள்ளை சேட்டுப் பைக்குள்ளிருந்து போத்தல் அடிபோல் தடித்த ஒரு கண்ணாடியை எடுத்துப் போட்டார். அக்காவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"இது இல்லாட்டி எல்லாம் மங்கல். வடிவில்லை எண்டு எங்கட மாமிதான் வெளிக்கிடேக்க கழட்டச் சொன்னவ."

"போட்டிருங்கோ. வடிவாத்தான் இருக்கு," என்றாள் அக்கா.

அப்பா மறுபடியும் உட்கார்ந்தார். விருந்தினர் முன்னால் என்னிடம் முதன்முறையாக, "பிள்ளை, உள்ள போய்ப் படி," என்றார்.

படித்தேன். மயோப்பியாவில் வரும் 'மயோ' தசையே இல்லையாம். கண்ணை மூடுவதைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். கண்ணை மூடிக்கொண்டு பேசும் வியாதிக்குக் கிரேக்கர் என்ன பெயர் வைத்தார்கள் என்பது இன்னும் அகப்படவில்லை.

இப்போது நான் உயிரியல் கற்பிக்கிறேன். அறுவடை விடுமுறைக்கு நறுவிலிக்குளம் போனால் முற்றத்தில் உள்ளே தூக்கிவைக்க வேண்டிய நெல் மூட்டைகள் கிடக்கும். அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொள்வார்.

"எனக்குத் தசை வருத்தம், மச்சாள். நீங்கள்தானே கண்டுபிடிச்சனீங்கள்."

அக்கா மூட்டையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எனக்குக் காட்டுவாள்.