ரிஜெக்ட் சாரின் மஞ்சள் வட்டம்

‘வேண்டாம்’ என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லியே முப்பது வருடம் சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ரிஜெக்ட் சார். அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவியே, இருந்தவரைக்கும், வாசலில் யாராவது வந்து நின்றால், “ரிஜெக்ட் சார் குளிச்சிகினு இருக்காரு, குந்துங்க” என்றுதான் சொல்வார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிக்கும் டிராக்டருக்கும் போல்ட் செய்யும் ஒரு கம்பெனி. அதில் நான் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அதாவது, நான் செய்வேன், அவர் வேண்டாம் என்பார். இரண்டு பேருக்கும் வீடு திருவள்ளூர் மணவாள நகரில் ஒரே தெருவில். எட்டு மணி நேரம் கத்திக் கத்திச் சண்டை போட்டுவிட்டு, ஒரே கம்பெனி பஸ்ஸில், ஒரே சீட்டில், பெரியபாளையம் வழியாக ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வருவோம். வேறு சீட்டில் உட்காரலாமே என்று கேட்பீர்கள். இரண்டு பேருக்கும் பிடித்தது அந்த ஒரு சீட்டுதான். அவ்வளவுதான்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாக்பீஸ் இருக்கும். வெள்ளையில் ஒரு டிக் போட்டால் பாஸ். சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் ரிஜெக்ட், பழைய இரும்புக்குப் போய்விடும். மஞ்சளில் ஒரு வட்டம் போட்டால் ‘ஹோல்டு’. இப்போதைக்கு முடிவு கிடையாது, திருத்திக் கொண்டு வா, மறுபடி பார்க்கிறேன் என்று அர்த்தம். வெளிக் கம்பெனிக்குத் தரம் பார்க்க ஆடிட் போன இடத்தில் ஹோல்டு போட்டாரானால், அது சரியாகும்வரை ஆள் அங்கிருந்து நகர மாட்டார். அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் மூன்று நாள் அட்டைப்பெட்டி மேல் படுத்துக் கிடந்தார். நாலாம் நாள் தாடியும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்.

வேலையில் அவருக்கு இரண்டு பழக்கம். நாம் பளபளவென்று துடைத்து நீட்டும் பீஸைத் தொடவே மாட்டார். “மேல இருக்கறத இன்னாத்துக்குய்யா காட்ற? அது ஜோடிச்சு வெச்ச மாப்ளை. அடியில இருக்கறத எடு” என்று கையை டிரேயின் அடிவரைக்கும் விட்டுத் துழாவுவார். இன்னொன்று, “சார், இந்த பீஸ நாந்தான் கெடுத்துட்டேன்” என்று தானாக வந்து நிற்கும் ஆபரேட்டருக்கு ஒருநாளும் சிவப்பு போட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே குந்திவிடுவார். “கெட்டத சரி பண்ணிக்கலாம்யா. மறைச்சத இன்னான்னு சரி பண்றது?”

நான் மறைக்கிற கட்சி. மெஷின் சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் டிரம்முக்குப் பின்னால் கெட்ட பீஸோடு எத்தனை டிரே ஒளிந்திருந்தது என்று எனக்கும் மேலே இருக்கும் பெருமாளுக்கும்தான் தெரியும். எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துவிடுவார், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த டிரே எப்படியோ லாரியில் ஏறி, கஸ்டமரிடம் போய், திட்டோடு திரும்பி வந்தது. மெமோ அவருக்குத்தான் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் ஒரே சீட்டில்தான் வந்தோம்.

கம்பெனிக்கு வெளியேயும் சாக்பீஸ் சும்மா இருக்காது. கேன்டீன் இட்லியை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்பியவர். மகள் கலாவைப் பெண் பார்க்க வந்த பையனை மேலும் கீழும் பார்த்தார், பின்னால் திரும்பச் சொன்னார், பிறகு “ஹோல்டு. அடுத்த ஞாயித்துக்கெழம வா” என்றார். அந்தப் பையன் ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஏழாவது வாரம் அவன், கொடுத்த கேசரியில் உப்பு இருப்பதை முகத்துக்கு நேரே சொன்னதும், அங்கேயே வெள்ளை டிக் போட்டுக் கல்யாணத்தை நிச்சயம் செய்தார். மாப்பிள்ளைக்கு இப்போது ஓசூரில் வேலை, சனிக்கிழமை வருகிறார், திங்கள்கிழமை போகிறார், தங்கமான பிள்ளை.

சார் ரிடையர் ஆகிச் சில வருடங்கள் கழித்து ஒரு நாள், அப்பாவோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்ட கலா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அங்கிள், நைனா சாம்பார நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு!”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “புளியே கரைச்சு ஊத்த மறந்துட்டேன் அங்கிள். நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாரு.” அப்புறம் டாக்டரிடம் போனோம். டிமென்ஷியா என்றார்கள். மறதி நோய். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தது மறந்தது, என் பெயர் மறந்தது, சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்தது. சாக்பீஸ் மட்டும் மறக்கவில்லை.

ஒரு காலை கலா ரயிலேறி ஆபீசுக்குப் போனதும், மனிதர் பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். வந்தது வேறு கம்பெனி பஸ். நீலச் சட்டையைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய் கும்மிடிப்பூண்டியில் இறக்கிவிட்டார்கள். நேரே அந்தக் கம்பெனிக்குள் போய், “இன்சார்ஜ் யாரு?” என்றிருக்கிறார். போச்சுடா, கஸ்டமர் ஆடிட் என்று அவர்களுக்குக் குலை நடுங்கிவிட்டது. முந்திரியும் டீயும் கொடுத்து, ஃபேன் போட்டு உட்காரவைத்து, மதியம்வரை அவர் சிவப்பு போட்டதையெல்லாம் ஓரமாக அடுக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் ஏசி காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். டிரைவர் கலாவிடம் பவ்யமாக, “ஒரு வாரத்துல எல்லாம் திருத்திட்டு ரிப்போர்ட் அனுப்பறோம்னு மேனேஜர் சொல்லச் சொன்னாரும்மா” என்றான். தெருவே ஒரு வாரம் சிரித்தது.

அடுத்த தடவை யாரும் சிரிக்கவில்லை. கடம்பத்தூர் பக்கம் தண்டவாளத்தின் நடுவில் குந்தி, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை, ஒரு ரயில்வே ஊழியர் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். வீட்டோடு பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் மூன்று பேரையும் சார் முன்பே ரிஜெக்ட் செய்து அனுப்பியாயிற்று. கலாவுக்கு அப்போதுதான் பிரமோஷன் வந்திருந்தது.

“ஒரு முதியோர் ஹோம் பாத்து உடலாம் அங்கிள். ஆனா நைனா வேணாம்னு சொல்ற எடத்துல உடமாட்டேன். எங்கயும் சரிப்படலன்னா வேலைய உட்டுட்டு ஊட்லயே குந்திக்கிறேன்.”

ரிஜெக்ட் சார் சம்மதிக்கிற இடமா? இந்தப் பெண் வேலையை விட வேண்டியதுதான் என்று அப்போதே முடிவு கட்டினேன். இருந்தாலும் அவரைக் காரில் ஏற்ற ஒரு வழி எனக்குத் தெரியும். “சார், சப்ளையர் ஆடிட் இருக்கு. மூணு எடம்” என்றேன். பத்து நிமிடத்தில் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டையும் ஸ்டீல் ஸ்கேலும் மூன்று சாக்பீஸுமாக வாசலில் நின்றார்.

முதல் இடம் வேப்பம்பட்டு தாண்டி. கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, டை கட்டிய மேனேஜர். கையில் ஆளுக்கொரு ரோஸ் மில்க். மேனேஜர் மாடல் ரூமைத் திறந்து காட்டினார். சார் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், “இது மாப்ளை” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வராந்தாவின் கடைசிக்குப் போனார். மேனேஜர் “சார், சார், அங்க பெயின்டிங் வொர்க்கு” என்று பின்னால் ஓடினார். கடைசி அறையில் ஐந்து பெரியவர்கள் வரிசையாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடவில்லை. சார் கட்டிலோரம் இருந்த பெல்லை அழுத்திவிட்டு வாட்சைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஈ காக்கை வரவில்லை. போகும்போது அந்தக் கண்ணாடிக் கதவில், மேலிருந்து கீழ்வரை, சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

இரண்டாவது இடத்தில் தோட்டம், ஊஞ்சல், பக்திப் பாட்டு. நடத்துகிற அம்மாள் சாரின் கன்னத்தைத் தட்டி, “தாத்தா சமத்தா இருப்பீங்களாம், பிஸ்கட் தருவேனாம்” என்றார். ஆறடி மனிதர். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் வேப்ப மரத்தடியில் இருந்த ஒரு பெரியவரிடம் போனார். அந்தப் பெரியவரின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் மார்க்கரில் ‘சண்முகம்’ என்று எழுதியிருந்தது.

“உம் பேரு இன்னாய்யா?”

“ஜெயராமன்.”

“பீஸு ஒண்ணு, லேபிள் ஒண்ணு! இது சண்முகம் சட்டைன்னா சண்முகம் இன்னாத்தய்யா போட்டுகினு இருக்கான்?” அந்த அம்மாள் அவசரமாக, “சலவைல மாறிடுச்சு தாத்தா” என்றார். சண்முகம் என்று ஒருவர் இப்போது அங்கே இருக்கிறாரா என்பதே அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊஞ்சல் பலகையில் சிவப்பு. கலா காரில் ஏறி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது, கவரைப்பேட்டை தாண்டி, ரோட்டை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரம் போட்ட ஒரு பழைய வீடு. பெயர்ப்பலகையில் பாதி எழுத்தை வெயில் தின்றிருந்தது. நடத்துவது ரஸியா சிஸ்டர், பழவேற்காட்டுக்காரர், ரிடையரான நர்ஸ். நாங்கள் போனபோது பின்பக்கக் கேட்டை ஒட்டி நாற்காலி போட்டுக் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்சார்ஜ் யாரு?”

“நாந்தான் சார்.”

“ஆடிட்டு.”

ரஸியா சிஸ்டர் என்னைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார், சாரின் சட்டைப் பையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்ப மொதல்ல பேஜாரான எடத்த காட்டிடறேன் சார். அதோ வெயில்ல கெடக்குதே மெத்தை, காலைல ஒருத்தர் நனைச்சிட்டாரு, இன்னும் காயல. பாத்ரூம்ல ஒரு டைல்ஸு ஒடஞ்சிருக்கு. எல்லாத்த விட இந்த கேட்டு. தாழ்ப்பா புட்டுகிச்சு. போன வாரம் ஒரு பெரியவரு தெருமுனை வரைக்கும் போய்ட்டாரு. நல்லவேளை, டீக்கடையில புடிச்சுட்டோம். வெல்டர் வியாழக்கெழமதான் வருவானாம். அதான் அதுவரைக்கும் நானே இங்க காவலு.”

கலா முகம் வெளுத்துவிட்டது. எதற்குப் பயந்து ஊர் ஊராக அலைகிறோமோ அதுதானே இது! எனக்கு அந்த அம்மாள் மேல் கோபமே வந்தது. இதை யாராவது வெளியே சொல்வார்களா? நானாக இருந்தால் கேட்டுக்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்து மறைத்திருப்பேன்.

சார் கேட்டருகே போனார். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். குனிந்து இடைவெளியை ஸ்கேலால் அளந்தார். பையில் கை விட்டார். சிவப்புதான் என்று கலா கண்ணை மூடிக்கொண்டாள். வந்தது மஞ்சள். கேட்டின் மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

“ஹோல்டு. இன்னொரு நாற்காலி போடு” என்றார்.

ரஸியா சிஸ்டர் போட்டார். சார் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

“நைனா, ஊட்டுக்குப் போலாமா?” என்றாள் கலா.

“எப்டிம்மா போறது? ஹோல்டு போட்ருக்கேனே. முடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும்.”

“எத்தினி நாளு நைனா?”

“இது முடிஞ்சா டைல்ஸு இருக்குல்ல?”

கலா அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை வெல்டர் வந்து கேட் சரியாயிற்று. அப்புறம் டைல்ஸ், அப்புறம் குழாய், அப்புறம் ஒரு ஃபேன். இப்போதெல்லாம் ரஸியா சிஸ்டர் வாரத்துக்கு ஒரு குறையைத் தேடிக் கண்டுபிடித்து அவர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். ஒருமுறை ஒன்றும் அகப்படாமல் காலை நாஷ்டாவுக்குச் சுட்ட தோசையைக் கருக்கிக் கொண்டுவந்து காட்டினாராம். சனிக்கிழமைகளில் கலாவும் மாப்பிள்ளையும் போகிறார்கள். அவள் வேலையில்தான் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை. முதல் ஞாயிறு போனபோது என்னை அவருக்குத் தெரியவில்லை.

“எந்த செக்‌ஷன்?”

“புரொடக்‌ஷன் சார்.”

முகம் உடனே இறுகியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். “சார், கூலன்ட் டிரம்முக்குப் பின்னாடி ஒரு டிரே மறைச்சு வெச்சேன் சார். உங்களுக்கு மெமோ வந்துச்சே, அது நாந்தான் சார் கெடுத்தேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் திரும்பச் சொன்னார். திரும்பினேன். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலை எனக்காக இழுத்துப் போட்டு, என் சட்டைப் பையின் மேல் மஞ்சளில் நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டா. பாக்கலாம்.”

இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை ஏழாவது வாரத்தில் பாஸ் ஆகிவிட்டார், நான் இன்னும் ஹோல்டில்தான் இருக்கிறேன். அவர் பையில் கை விடும்போதெல்லாம் எனக்குப் பக்கென்கிறது, எங்கே வெள்ளையை எடுத்துவிடுவாரோ என்று.