‘ஒரு நிமிஷம்’ நானாவும் கற்பிட்டி பஸ்ஸும்

அன்று காலை மண்டபத்தில் இருந்தவர்கள்: புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர்கள் பன்னிரண்டு பேர், பயிற்சி இணைப்பாளர் மேடம், ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆடு. வராதவர்கள்: உபவேந்தர், அவருடைய வாகனத்தில் வரவிருந்த ஒலிவாங்கி.

ஒலிவாங்கி வராததால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அது தேவைப்படவேயில்லை. “கேள்விகள் இருந்தால் எந்த நேரமும் கேளுங்கள்” என்று மேடையில் சொல்வார்களே, அதை உண்மையென்று நம்பிய ஒரே மனிதர் இந்த நாட்டில் அவர்தான். கணிதத்துறைக்கு வந்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் முதல் நாள் தேநீர் இடைவேளையோடு எல்லாருக்கும் மறந்துபோயிற்று. கையை உயர்த்தி “ஒரு நிமிஷம்” என்று சொல்லாமல் அவரால் இன்னொருவருடைய வசனத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே அவர் ‘ஒரு நிமிஷம்’ ஆனார். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன் முறையில் ‘ஒரு நிமிஷம்’ நானா.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. எங்கள் பல்கலைக்கழகம் புதிய விரிவுரையாளர்களைக் கற்பிட்டியில் கடல்நீர்க் களப்போரம் ஒரு விடுதியில் ஐந்து நாள் அடைத்துவைத்துப் பயிற்சி தந்தது. ‘திசைமுகப்படுத்தல்’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனால் விளையாட்டான விசயமில்லை. கடைசி நாளில் சான்றிதழ் தருவார்கள். அது இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

என் வாப்பா யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தில்லையடிக்கு வந்து, பாலாவி உப்பளத்தில் வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வேலை கிடைத்த அன்று, “என்ட மகன் கெம்பஸ்ல மாஸ்டர்” என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பயிற்சிக்கு நான் உடுப்பு அடுக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்றார்.

“வேல தந்தாச்சு எண்டா என்னத்துக்கு மகன் இன்னும் படிப்பு? வேலய இன்னும் தரல்லியா?”

விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். நம்பாத மனிதர் மகனுக்காக ஆட்டுகிற தலையாட்டல் அது. அந்தச் சான்றிதழோடுதான் வீட்டு வாசலை மிதிப்பது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

அறையில் எனக்குச் சோடியாக விழுந்தவர் ‘ஒரு நிமிஷம்’ நானா.

முதல் நாள் மேடம் பாதுகாப்பு விதிகளோடு தொடங்கினார். மேடத்தின் ஊர் சிலாபம். சாதாரணமாகத் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடுவார்.

“தீப்பிடிச்சா எல்லாரும் முன்வாசலால வெளியேறுங்க.”

“ஒரு நிமிஷம் மேடம். தீ முன்வாசல்ல பிடிச்சா?”

“பின்வாசலால போங்க.”

“ஒரு நிமிஷம். பின்வாசல் திறபடுமா எண்டு ஆராவது பார்த்தீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. பன்னிரண்டு பேரும் எழுந்து ஊர்வலமாகப் பின்வாசலுக்குப் போனோம். கதவு நன்றாகத் திறந்தது. திறந்த கையோடு ஆடு உள்ளே வந்தது. அதைப் பிடித்து வெளியே விடுவதற்குள் காலை அமர்வு முடிந்துவிட்டது. பிற்பகல் நிகழ்ச்சிநிரலை ஆடு தின்றுவிட்டிருந்தது.

அடுத்தது, ஒருவரையொருவர் அறிந்துகொள்கிற விளையாட்டு. “உங்களைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாத ஒரு விசயத்தை சொல்லுங்க” என்றார் மேடம். எல்லாரும் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஏதோ சொன்னார்கள். நானாவின் முறை வந்தது.

“ஒரு நிமிஷம் மேடம். நான் சொன்னா அது தெரிஞ்ச விசயமாகிருமே. அப்ப நான் விளையாட்டில தோத்துப் போவன்.”

மேடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை.

நாலாம் நாள்தான் இடி விழுந்தது. ஒவ்வொரு சோடியும் வெளியே போய், தங்கள் பாடத்தில் ஒரு விசயத்தைச் சாதாரண சனங்களுக்குப் பத்து நிமிடம் விளங்கப்படுத்தவேண்டும். அதைப் போனில் வீடியோ எடுக்கவேண்டும். கேட்டவர்களில் ஒருவர் தன் அபிப்பிராயத்தையும் சொல்லவேண்டும். வீடியோ இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை.

மற்றச் சோடிகள் புத்திசாலிகள். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் போனார்கள். அந்த நல்ல மனிதர்கள் வேலையை விடாமலே “ஓம், ஓம்” என்று தலையாட்டி, பிளேன்ரீயும் கொடுத்து அனுப்பினார்கள். நாங்களும் அங்கேயே போவோம் என்றேன்.

“ஒரு நிமிஷம் தம்பி. அவங்க மரியாதைக்குத் தலையாட்டுவாங்க. கெம்பஸ்ல பொடியன்மார் எப்பிடி? கேட்கவும் விருப்பமில்ல, எழும்பிப் போகவும் ஏலாது. அப்பிடிப்பட்ட சனம் எங்க இருக்கு?” களப்பைப் பார்த்து யோசித்தார். “பஸ்ஸில!”

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நாலு நாள் அவரோடு ஓர் அறையில் இருந்தால் யாருக்கும் தெரியாது.

புத்தளம் போகிற பஸ்ஸில் ஏறினோம். நான் பேசுவது, அவர் வீடியோ எடுப்பது என்று ஏற்பாடு. நான் பொருளியல். அந்தப் பக்கம் வெங்காயம் போடுகிற சனம் அதிகம், ஆகவே வெங்காய விலை ஏன் விழுகிறது என்று பேசத் தீர்மானித்தேன். நாங்கள் தீர்மானிக்காத ஒன்றும் இருந்தது. நானாவுக்கு பஸ் ஒத்துவராது. கடற்கரை மின்சாரக் காற்றாடிகள் கண்ணில் படத் தொடங்கும்போதே அவர் முகம் வெளிறி, நெற்றி வேர்த்துக் கொட்டியது. யாரோ இரக்கப்பட்டு முன் சீற்றைக் கொடுத்தார்கள். ஒரு கையில் போன், மறு கையில் வாய்க்கு நேராக ஒரு பை. கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட பயணத்துக்கு இடைஞ்சல் செய்யிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. தாய்மாரே, தந்தைமாரே, ஒரு பத்து நிமிஷம் எனக்குக் காது தாங்க.”

எங்கள் ஊர் பஸ்களில் இந்த வசனத்தைச் சொல்பவர்கள் ஒரே ஒரு வகையினர். பிளாஸ்டிக் உறைக்குள் டொக்டரின் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் நோயாளியை இருத்தி, ஒப்பரேசனுக்கு உதவி கேட்பவர்கள். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகியிருந்தது. பஸ்ஸுக்கும் பாடமாகியிருந்தது.

“ஒரு குடும்பம் கடன்பட்டு வெங்காயம் போடுது” என்று ஆரம்பித்தேன். “நல்ல விளைச்சல். ஆனா எல்லாரும் போட்டதால விலை விழுந்துபோச்சு. கடன் கட்ட வழியில்ல. இப்ப அந்தக் குடும்பம் என்ன செய்யும்?”

நடுநடுவே கேள்வி கேட்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். பஸ்ஸே உச்சுக்கொட்டியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு கண்மூடிக் கிடந்த நானாவைப் பார்த்தார்கள். ஒரு வயதான உம்மா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ‘கேள்வி, நிரம்பல்’, அதாவது டிமாண்ட், சப்ளை என்ற பொருளியல் பாடத்துக்கு ஒரு சனக்கூட்டம் அழுகிறதென்றால் நான் பிறந்ததே இந்தத் தொழிலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் காசு வரத் தொடங்கியது.

பின் சீற்றிலிருந்து கைக்குக் கை மாறி, மிச்சக்காசு வருவதுபோல, பத்தும் இருபதுமாக வந்து நானாவின் மடியில் விழுந்தது. வயதான உம்மா எழுந்து வந்து அவர் தலையில் கைவைத்து துஆ ஓதி ஊதினார். “எந்த இடத்தில மகன் நோவு?” என்று கேட்டார். நானா கண்ணைத் திறந்தார். “ஒரு நிமிஷம்” சொல்வதற்காகக் கையை உயர்த்தினார். வாயைத் திறந்ததும் வந்தது சொல் அல்ல. நல்ல காலம், பை இருந்தது. அதைப் பார்த்ததும் பத்து ரூபாய் தந்தவர்கள் ஐம்பதாக்கினார்கள்.

“நில்லு நில்லு! நீ தில்லையடி உப்புக்காரர்ட மகன் இல்லியா?”

மூன்றாவது வரிசையிலிருந்து வந்த அந்தக் குரல் எங்கள் எதிர்வீட்டு ரஹீமா மாமியுடையது.

“மாமி, இது வந்து...”

“ஒண்டும் சொல்லாத மகன். கஷ்டம் ஆருக்கு இல்ல? இந்தா, பிடி.” பஸ்ஸிலேயே பெரிய நோட்டு அவருடையது. ஒரு கையால் அதைத் திணித்தபடி மறு கையால் போனைக் காதில் வைத்துவிட்டார்.

நுரைச்சோலையில் கொண்டக்டர் மணியடித்தார். “நோயாளிய இறக்குங்க, கொஞ்சம் காத்துப் படட்டும்.” எங்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. என் போன் அடித்தது.

“மகன்.”

“வாப்பா, அது வந்து...”

“ரஹீமா சொன்னா. வேல போயிட்டா?”

“இல்ல வாப்பா, நாங்க வெங்காயத்தப் பத்தி...”

“எனக்கிட்ட மறைக்காத. போனாப் போகட்டும். நான் ஆருக்கும் சொல்ல மாட்டன். நீ வீட்ட வா. உம்மா சோறு வச்சிரிக்கா.”

வைத்துவிட்டார். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். திருப்பி அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை. அப்படியே றோட்டோரம் குந்திவிட்டேன்.

பக்கத்துக் கடையில் தேசிக்காய்த் தண்ணி குடித்துத் தெளிந்த நானா வந்து எதிரில் நின்றார். மடியில் இருந்த காசு கைலேஞ்சித் துணியில் முடிச்சாகியிருந்தது.

“ஒரு நிமிஷம். இந்தக் காசு ஆருட?”

“எங்களுக்குத் தந்தாங்க நானா.”

“நோயாளிக்குத் தந்தாங்க. நான் நோயாளி இல்ல.”

“இப்பத்தானே பைக்குள்ள சத்தி எடுத்தீங்க?”

“அது நோயில்ல, பஸ்.” என் முகத்தைப் பார்த்தார். “என்ன, ஆரு போன்ல?”

சொன்னேன். வாப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கை உயரவில்லை. ஒரு ஓட்டோவை மறித்தார். “அந்த பஸ்ஸ பிடிக்கோணும்” என்றார்.

பாலாவிச் சந்தியில் சனம் ஏற்றுவதற்காக பஸ் நின்றுகொண்டிருந்தது. நானா பாய்ந்து ஏறினார்.

“ஒரு நிமிஷம்!”

“அல்ஹம்துலில்லாஹ், சுகமாயிட்டாரு!” என்று கத்தினார் துஆ ஓதிய உம்மா. பஸ்ஸில் பாதிப் பேர் அவரைப் பக்தியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் நோயாளி இல்ல உம்மா. இவர் உதவி கேட்டு வந்தவருமில்ல. ரெண்டு பேரும் கெம்பஸ்ல படிப்பிக்கிறம். அது வெங்காயப் பாடம்.”

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: “அப்ப அந்தக் கடன்பட்ட குடும்பம்?”

“உதாரணம்.”

“உதாரணத்துக்கா என்னை அழவச்ச?” என்றார் உம்மா.

நானா கைலேஞ்சியை அவிழ்த்துக் காசை நீட்டினார். அங்கேதான் அவருடைய கணிதம் தோற்றது. தந்தவர்களில் ஒருவரும் வாங்கவில்லை. “மனசில நிய்யத்து வச்சுக் குடுத்தது. திருப்பி எடுக்கிறதா? பாவம் வந்து சேரும்” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கையை நீட்டியவர் ஒரே ஒருவர்தான். “என்ட நூறு ரூவா” என்றார். அவர் இப்போதுதான் பாலாவியில் ஏறியவர்.

நானா அந்த வாதத்தை அத்தோடு விட்டுவிட்டு ரஹீமா மாமியின் சீற்றுக்குப் போனார். மாமியின் போனை வாங்கி அழுத்தினார். அந்த நம்பர் என்றதும் வாப்பா உடனே எடுத்தார். ஸ்பீக்கரில் பஸ்ஸே கேட்டது.

“வாப்பா, நான் உங்கட மகனோட வேல செய்யிறவன். பஸ்ஸில சத்தி எடுத்த ஆள் நான்தான். உங்கட மகன் பிச்ச எடுக்கல்ல, பாடம் எடுத்தவர். நல்லா எடுத்தவர். சனம் அழுதது.”

“பஸ்ஸில என்னத்துக்குப் பாடம்?”

“பயிற்சி.”

“வேல தந்தாப் பிறகு என்னத்துக்குப் பயிற்சி?”

நானா ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். வாப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். தன்னைவிடக் கேள்வி கேட்கிற ஒரு மனிதரை நானா வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்தார். டிரைவர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். “சத்தம் போடாதீங்க, மனுசன் கேட்கிறாரு” என்று சனங்கள் அவரை அடக்கினார்கள்.

கடைசியில் வாப்பாவின் குரல் இறங்கியது. “அப்ப... என்ட மகன்ட வேல இரிக்கி?”

“இரிக்கி.”

“இனிமேப் போகாதே? உறுதியா?”

நானாவைப் பார்த்தேன். வடை நல்லமா என்று கேட்டால், “இதுவரைக்கும் தின்ட பாதி நல்லம்” என்று பதில் சொல்கிற மனிதர் இவர். வீடியோ இன்னும் மேடத்தின் கைக்குப் போகவில்லை. பஸ்ஸில் காசு சேர்த்தவர்களுக்கு மேடம் சான்றிதழ் தருவாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். நானாவின் கை வழக்கம்போல உயர்ந்தது. உயர்ந்த கை என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றது. மெல்ல இறங்கி என் தோளில் விழுந்தது.

“போகாது வாப்பா. உறுதி.”

மறுமுனையில் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “புள்ள, அவன்ட வேல இரிக்கிதாம்!” என்று வாப்பா உம்மாவைப் பார்த்துக் கத்தியது பாலாவிச் சந்தி முழுக்கக் கேட்டது. ரஹீமா மாமி, “நான் அப்பவே நினைச்சன்” என்றார்.

மேடம் வீடியோவைப் பார்த்தார். அதில் தெரிந்தது பஸ்ஸின் கூரை. கேட்டது என் குரல், நானாவின் முனகல், கடைசியில் யாரோ ஒரு பெண்: “எல்லாரும் வெங்காயம் போட்டா எங்கட கதியும் இதுதான் புள்ள.” மேடம் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு முற்றிச் சிங்களத்துக்கு மாறினார். பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் சான்றிதழ் என்பதைத்தான் அந்தச் சிங்களத்தில் சொன்னார் என்று பிறகு விளங்கியது.

நானா இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். அங்கே கூட்டங்கள் நேரத்துக்கு முடிவதில்லை என்று கேள்விப்படுகிறேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அன்று யாரும் திருப்பி வாங்காத காசு பாலாவிப் பள்ளிவாசல் உண்டியலுக்குப் போனது. அது எங்கள் காசில்லை, கணக்கில் சேர்க்கக்கூடாது என்று நானா சொல்லிவிட்டார். போக வர ஓட்டோ, தேசிக்காய்த் தண்ணி, பஸ் ரிக்கட், பாலாவியில் ஏறியவருக்கு எங்கள் கையிலிருந்து கொடுத்த நூறு, நிரூபிக்க முடியாத ஒன்றை நானா என் வாப்பாவுக்காக உறுதியென்று சொன்ன அந்த ஒரு சொல் உட்பட, எங்கள் இரண்டு பேருக்கும் அன்று முடிந்த செலவு ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.