சம்பந்திக்காக உட்கார்ந்து எழுந்த கதை

எனக்குக் கூச்ச சுபாவம். பஸ்ஸில் இறங்க மணி அடித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து எங்கள் ஊர் லகாட்டுக்கு நடந்தே திரும்புவேன். (கால் பலமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மீதிக் காரணம், முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியது.) அந்தக் கூச்சத்தால் ஒருமுறை என் சம்பந்தியம்மாளின் முழங்கால் ஆபரேஷனையே கெடுக்கப் பார்த்தேன்.

சம்பந்தியம்மாள் பச்சையம்மாள், என் மருமகளைப் பெற்றவர். ஈப்போ டவுன்காரர். முட்டி தேய்ந்து, தடி இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரைப் பார்க்கக் கடிதம் வேண்டுமென்றால், முதலில் கிளினிக்கில் காலைச் சோதிக்க வேண்டும். அந்தத் தேதிக்காக ஆறு மாதம் காத்திருந்தார். துணைக்கு நான் போனேன்.

காத்திருந்து காத்திருந்து பதினோரு மணி ஆகிவிட்டது.

"சம்பந்தி, இந்தக் கார்டைப் புடிங்க. பேரு கூப்ட்டா உள்ள போயி சொல்லி வைங்க, இந்தா வந்துர்றேன்" என்று தடியை ஊன்றிக்கொண்டு கக்கூசுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், கதவு திறந்தது. "பச்சையம்மா!"

கார்டோடு உள்ளே போனேன். என் பேரன் வயதில் ஒரு தெரப்பிஸ்ட், கையில் ஸ்டாப்வாட்ச். சுவரோரம் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி.

"உக்காருங்க பாட்டி. பயப்படாதீங்க லா. கை ரெண்டையும் நெஞ்சுல குறுக்கால வச்சிக்கிட்டு, முப்பது செகண்டுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும். நான் எண்ணுவேன்."

"இல்ல தம்பி... அவங்க..."

"எவங்க?"

சம்பந்தி கக்கூஸ் போயிருக்கிறார் என்று ஓர் ஆம்பளைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பெண் கொடுத்த வீட்டு மரியாதை என்ன ஆவது? நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, ஸ்டார்ட்!"

ஒப்புக்கு இரண்டு முறை எழுந்து முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது முறை அவர் "அடேங்கப்பா!" என்றார். அங்கேதான் கெட்டது. எழுபத்திரண்டு வயதுவரை என்னைப் பார்த்து ஒருவரும் அடேங்கப்பா சொன்னதில்லை. அப்புறம் நான் என் வசத்தில் இல்லை. கொண்டை அவிழ, நாற்காலி சுவரில் டக்டக்கென்று இடிக்க, எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

"பத்தொன்பது! பாட்டி, நீங்க என்கூட பந்து வெளையாட வரலாம் லா! இந்தக் காலுக்கு எதுக்கு ஆபரேஷன்? கடிதம்லாம் வேணாம்" என்று கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார்.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஆறு மாதக் காத்திருப்பை முப்பது செகண்டில் தின்றுவிட்டேனே!

"ஐயோ தம்பி, தட்டாதீங்க! இது பச்சையம்மா காலு இல்ல!"

அவர் என் காலைப் பார்த்தார். "பின்ன யாரு காலு?"

"என் காலு! அவங்க காலு இன்னும் வரல!"

அதற்குள் தடிச் சத்தம் வந்துவிட்டது. நடந்ததைக் கேட்ட சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன எந்திரிச்சாங்க?"

"பத்தொன்பது, பாட்டி."

"நவுருங்க சம்பந்தி. நான் இருபது எந்திரிக்கிறேன்."

வீம்புக்கு எழுந்து தொலைத்தால் கடிதம் போச்சே! முருகா, சம்பந்தியை எழுந்திருக்க விடாதே என்று வேண்டிக்கொண்டேன். (சொந்தச் சம்பந்திக்கு இப்படி வேண்டிக்கொண்டவள் பேரா மாநிலத்திலேயே நான் ஒருத்திதான்.)

பல்லைக் கடித்து ஒருமுறை எழுந்தார். இரண்டாவது முறை பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னு" என்று எழுதினார் அந்தப் பிள்ளை.

"அது எப்படி? ஒன்றரைன்னு போடுங்க!"

அரை கிடைக்கவில்லை. கடிதம் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து சம்பந்திக்குப் புது முட்டி வந்தது. அதோடு எனக்கு வினையும் வந்தது. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், பலகாரத்தில் கை வைக்குமுன் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போடுவார். "வாங்க சம்பந்தி, முப்பது செகண்டு!" பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் நேரம் பார்ப்பார்கள். அதற்குச் 'சம்பந்திச் சண்டை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

போன தீபாவளிக்குச் சம்பந்தி பதிமூன்று. நான் பன்னிரண்டோடு நிறுத்தி, "முடியல சம்பந்தி" என்று உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். முறுக்குத் தட்டோடு நின்ற மருமகள் என் காதருகே குனிந்தாள்.

"அத்தே, தோக்குறதுன்னா கொஞ்சம் மூச்சாவது வாங்குங்க லா."