நொந்த ஓட்டுநர்: ஒரு வரையறை

2002-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. திருவொற்றியூரில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டின் பூட்டிய கேட்டருகே, யசோதரா மடிக்கணினியுடன் நின்றிருந்தாள். கேட்டைக் கணினியே திறந்து மூடுவதற்கான விதிகளை எழுதி, நான்கு மணிக்குள் யார்டு முதலாளியின் ஒப்பத்தைப் பெற வேண்டும். தவறினால் அவள் நிறுவனத்தின் ஒப்பந்தம் போய்விடும். இன்னும் நிரந்தரமாகாத அவளுடைய வேலையும் போய்விடும்.

கேட்டோர நாற்காலியில் சவரிநாதன் அமர்ந்திருந்தார்.

"லாரி வந்தா என்ன நடக்கணும்? கதை மாதிரி சொல்லுங்க ஐயா. விதியா நான் மாத்திக்கிறேன்."

"இன்னாம்மா பெரிய கத? லாரி வரும். சீட்டக் காட்டுவான். கேட்டு தொறக்கணும்."

'சீட்டுள்ள லாரிக்கே கேட் திறக்கப்படும்' என எழுதினாள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

"சீட்டு இல்லன்னா?"

"எண்ணூர்லேந்து கியூவுல நொந்து வந்துகிறான். சீட்டு காத்துல பூட்ச்சுன்னா வெளியவே சாவணுமா?"

முதல் விதி அழிக்கப்பட்டது. 'சீட்டுள்ள அல்லது நொந்த ஓட்டுநருக்குக் கேட் திறக்கப்படும்.'

"நொந்திருக்கார்னு கணினிக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சப் பாத்தா தெரியாது?"

"அதுக்கு மூஞ்சி தெரியாது ஐயா. நேரம்தான் தெரியும்."

'ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர் நொந்தவர் எனப்படுவார்.'

"அப்ப அஞ்சு மணி நேரம் நின்னவன் இன்னா, குஜாலாவா கீறான்? அவனுக்கு ஒரு டீயாவது குடு."

தேநீர் சேர்ந்தது.

"வெறும் டீயா? பேஜாராப் பூடும்மா. ஒரு பன்னு போடு."

மணி மூன்று ஐம்பது. கேட் திறக்க ஒரு விதியும், பன் வழங்க ஏழு விதிகளும் இருந்தன.

கார் வந்து நின்றது. சென்ற வாரம்தான் யார்டை விலைக்கு வாங்கிய மாசானம் இறங்கி, மடிக்கணினியை வாங்கிப் படித்தார். அவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, லாரி கேட்டுக்குப் பன்னு எதுக்கு?"

"கேட்ல இருக்கிறவர் சொன்னது சார். நானா ஒரு சொல்லும் சேர்க்கல."

மாசானம் சவரிநாதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேட்டுலயே கெடக்குறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" ஒப்புதல் தாளில் ஒப்பமிட்டார்.

அப்போது டீ விற்கும் ரமாபாய் கேனுடன் வந்தாள்.

"இன்னா சவரி, கொய்ந்த பொறந்துகீதுன்னு காத்தால பூட்டிகினு போன கேட்காரரு இன்னும் வர்லியா? உன் லாரி நடுரோட்டுலயே நின்னுகினு கீதே!"

தாம் ஏமாந்ததை வெளியில் சொல்ல மாசானம் விரும்பவில்லை. ஆகவே, விதிகளைத் திருத்துவதில்லை எனவும், அவற்றை முழுவதும் அறிந்தவர் வேறெவரும் இல்லாமையால், சவரிநாதனை இரண்டாம் கேட்காரராக நியமிப்பது எனவும் அன்று மாலை முடிவாயிற்று.