பலகைக்கும் பெர்மெஸ்ஸோ

ஒரேத்தோ, பலெர்மோ, இத்தாலி
வியாழக்கிழமை

அன்புத் தம்பி இராஜதுரைக்கு அக்கா அம்பிகை எழுதுவது,

நல்லூரான் காவலில் நீயும் மச்சாளும் சுகமாய் இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய்யிலே கடிதம் தொடங்கக் கூடாது. ஃபோனில் சொன்னால் நீ ரீவியைப் பார்த்துக்கொண்டு ஓம் அக்கா, ஓம் அக்கா என்பாய். நான் விழுந்து இடுப்பு நொந்து கிடக்கிறேன் என்று சொன்னபோதும் "நல்லது அக்கா" என்றவன் நீ. அதனால்தான் எழுதி, பேத்தி நிலக்ஷியைக் கொண்டு படம்பிடித்து அனுப்புகிறேன். என் கலியாணப் படத்தில் குறுக்கே வந்து நின்று என் முகத்தை மறைத்தவனும் நீதான். அதை நான் மறக்கவில்லை. இப்போது அதைக் கதைக்க நேரமில்லை.

விசயம் இதுதான். எங்கள் வீடு கீழ்த்தட்டு. பின்னாலே ஒரு துண்டுத் தோட்டம், ஒரு தேசிமரம். மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும், மாரியில் நான் விழுந்ததும் அங்கேதான். அதைப் பார்த்துவிட்டு மகன் பிரசாந், தான் வேலைக்குப் போகும் வீட்டில் கழித்த பலகைகளை ஏற்றி வந்து, கூட்டாளி ஏர்னஸ்றோடு சேர்ந்து தோட்டம் முழுக்க மேடை மாதிரி அடித்துவிட்டான். நானும் கதிரை போட்டு இராசாத்தி மாதிரி இருந்தேன். மேல்வீட்டு சிஞ்ஞோரா கொன்செத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் குடிவந்து தோட்டத்தில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சிய அன்று, புகை வருகிறது என்று மேலே இருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினவள் அவள். இப்போது நான் ஊன்றி நடக்கிற கைப்பொல்லு பலகையில் டொக்கு டொக்கு என்று குத்துவதால் மத்தியான நித்திரை போகுதாம். ஒருநாள் பல்கனியால் எட்டிப் பார்த்து, பெர்மெஸ்ஸோ இருக்கா என்று கேட்டாள்.

உனக்குத் தெரியும், பெர்மெஸ்ஸோ என்றால் இந்த நாட்டில் இருக்க விடுகிற அட்டை. ஓடிப்போய் என்னுடைய அட்டையையும் பிரசாந்தின் அட்டையையும் எடுத்துவந்து உயர்த்திக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் ஆட்டி, இல்லை இல்லை என்று பலகையைக் காட்டினாள். மனிசருக்குத்தான் பெர்மெஸ்ஸோ என்று இருந்தேன் தம்பி, இந்த ஊரில் பலகைக்கும் வேணுமாம்.

பிரசாந் இந்த நாட்டுப் பிரசையாக விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரம் இது. ஒரு வழக்கு வந்து, பலகைக் கள்ளனுக்குப் பிரசாவுரிமை எதற்கு என்று அதைக் கிழித்துப் போட்டால் என் பிள்ளையின் கதி என்ன? இந்த யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரசாந் ஒரு அளவுகாரரைக் கூப்பிட்டான். வந்தவர் நாடாவைப் பிடித்துப்போட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அப்பம்மா, இது அசையுமோ எண்டு கேக்கிறார்," என்றாள் நிலக்ஷி.

"அசையுமோ? என்ரை பிள்ளை அடிச்சது. யானை ஏறி நிண்டாலும் அசையாது எண்டு சொல்லு."

அவளும் யானையை விடாமல் அப்படியே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு போனார். பின்னேரம் பிரசாந் தலையில் கை வைத்தபடி இருந்தான். சும்மா பரப்பிவைத்த பலகை என்றால் ஒன்றும் தேவையில்லையாம், நிலத்தோடு இறுக்கி அடித்தது என்றால்தான் நகரசபை அனுமதியும் மேல்வீட்டுக் கையெழுத்தும் வேணுமாம். பெற்ற பிள்ளையின் வேலையை ஆடுகிற வேலை என்று எந்தத் தாய் சொல்லுவாள், நீயே சொல்லு.

அடுத்த நாள் வீட்டில் நான் தனிய. கதவில் தட்டுச் சத்தம். சங்கிலியைக் கழற்றாமல் பார்த்தால் கொன்செத்தா. "பெர்மெஸ்ஸோ?" என்றாள். அட்டையை நீட்டினேன். அவள் அதைப் பார்க்காமல் சிரித்தாள். கதவைச் சாத்தினேன். பின்னேரமும் வந்து பெர்மெஸ்ஸோ. நேற்றும் வந்து பெர்மெஸ்ஸோ. திறக்கவேயில்லை. எனக்குத் தெரிந்த இத்தாலியன் பல்லரோச் சந்தையில் மீன் வாங்குகிற இத்தாலியன்தான். அதிலே "வேண்டாம், நேற்றையது, நாறுது" என்று கதவுக்கு உள்ளே நின்று சொன்னேன். போய்விட்டாள். பொலிசைக் கூட்டிவரத்தான் போகிறாள் என்று, இன்று காலை ஏர்னஸ்றைக் கூப்பிட்டு எல்லாப் பலகையையும் கழற்றுவித்துவிட்டேன். பிரசாந்துக்கு இன்னும் தெரியாது.

நீ பிரதேச சபையில் கட்டட அனுமதி எழுதின ஆள். எத்தனை பேரின் மதிலை ஒரு பேனாவால் நிற்பாட்டினாய். உடனே பதில் போடு. பலகையைக் கழற்றினால் குற்றம் போயிடுமோ? ஆணி அடித்த ஓட்டையள் நிலத்திலே அப்படியே தெரியுது, அதுக்கு மேலே பூச்சாடி வைக்கவோ?

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும்தான், அந்தப் படத்துக்கு உரியதைக் கழித்துக்கொண்டு.

இப்படிக்கு,
உன் அக்கா அம்பிகை

பி.கு.: பதில் போடாதே. இதை ஒருவருக்கும் வாசித்துக் காட்டவும் வேண்டாம். நிலக்ஷி படம்பிடிக்க வரமுதல் பிரசாந் வந்துவிட்டான். பிரசாந் போய்க் கேட்டதால் மேல்வீட்டாள் கையெழுத்து வைக்கத்தான் வந்தவவாம். என் பொல்லு முனைக்கு மாட்ட ஒரு ரப்பர்ப் பூணும் வாங்கி வந்தவவாம். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள்ளே கால் வைக்கமுதல், உள்ளே வரலாமோ என்பதற்கும் பெர்மெஸ்ஸோ என்றுதான் கேட்பார்களாம். பிரசாந் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். ஏர்னஸ்ற் பலகைகளைத் திரும்பப் பரப்பிவிட்டான், ஆணி இல்லாமல். இனி அது ஆடுகிற பலகை, ஒருவரின் அனுமதியும் வேண்டாமாம். கொன்செத்தா இப்போது அதிலே எனக்கு எதிரே கதிரை போட்டு இருக்கிறா. அவ சாய்ந்தால் நான் எழும்புகிறேன், நான் சாய்ந்தால் அவ எழும்புகிறா. தண்ணீர் ஊற்றினதை நான் மன்னித்துவிட்டேன்.

உன்னை இல்லை. நீ இஞ்சை வந்தால் வாசலில் நின்று பெர்மெஸ்ஸோ கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேணும். அண்டைக்கு என்ரை கலியாணப் படத்துக்குள்ளை வரேக்கை நீ கேட்டனியே?